கோழிக்கூட்டில் தொடங்கிய வைத்தியம்



இது கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

ஐசியுவில் வேலை பார்க்கும் எந்த டாக்டரையும் கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு காகிதத்தைப் பிரிக்கும்போது மட்டும் கை லேசா தயங்கும் என்பார். அதுதான் கல்ச்சர் ரிப்போர்ட்.

நோயாளியின் ரத்தத்திலோ சிறுநீரிலோ சளியிலோ இருக்கும் பாக்டீரியாவை லேபில் வளர்த்து, எந்த ஆன்ட்டிபயாடிக் அதை அடக்கும், எது அடக்காது என்று சோதித்துத் தரும் பட்டியல் அது. வேலை செய்யும் மருந்துக்கு நேரே "எஸ்". வேலை செய்யாத மருந்துக்கு நேரே "ஆர்".

முன்பெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக "ஆர்" இருக்கும். இப்போது சில ரிப்போர்ட்டுகள் மேலிருந்து கீழ் வரைக்கும் ஆர், ஆர், ஆர் என்றே வருகின்றன. கடைசி வரியில் கொலிஸ்டின் என்ற பழைய மருந்து ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

வெளியே நிற்கும் குடும்பத்தார் கேட்பார்கள். "வேற நல்ல மருந்து இல்லையா டாக்டர்? எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல."

காசு இருந்தும் வாங்க முடியாத மருந்தைப் பற்றி அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இந்த நிலைமைக்கு நாம் வந்து சேர்ந்த கதையில் ஒரு முக்கியமான பகுதி கோழிப்பண்ணையில் நடந்தது. அதே கோழிக்கூட்டில்தான், ஆன்ட்டிபயாடிக் வருவதற்கு முன்பே, பாக்டீரியாவை வேறு வழியில் கொல்லும் ஒரு வைத்தியமும் பிறந்தது. பிறந்ததைக் கைவிட்டுட்டு வேறு பக்கம் போனோம். இப்போது திரும்பி வந்து அதே கூட்டின் கதவைத் தட்டுகிறோம்.

அந்தக் கதையைப் பார்ப்போம் வாங்க.

*

1919-ம் வருடம். பிரான்ஸ். முதல் உலகப்போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகிறது.

அந்த நாட்டின் கிராமப்புறங்களில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுகின்றன. கொண்டை வெளுத்து, சிறகு தொங்கி, மஞ்சளும் பச்சையுமாகக் கழிந்து சாகின்றன. அதற்குப் பெயர் கோழி டைஃபாய்டு. மனிதருக்கு டைஃபாய்டு தரும் சால்மொனெல்லா கிருமியின் பங்காளி ஒன்று கோழிகளுக்குத் தரும் நோய்.

(நம்ம ஊர்ல கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலோடு இதைக் குழப்பிக்காதீங்க. அது ராணிக்கெட் நோய். வைரஸால் வருவது. அதுக்குத் தடுப்பூசிதான் வழி. இந்த இழையில் நான் பேசப்போவது பாக்டீரியாவால் வரும் நோய்களைப் பற்றி மட்டும்.)

இந்தக் கோழிச்சாவைப் பார்க்க பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து ஒருவர் கிராமங்களுக்கு வருகிறார். பெயர் ஃபெலிக்ஸ் தெரேல். முறையான மருத்துவப் பட்டம் கிடையாது. தானே படித்துக் கற்றுக்கொண்ட நுண்ணுயிரியலாளர். பாஸ்டர் நிறுவனத்திலேயே பல காலம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர்.

நோய் வந்த பண்ணைக்குப் போகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? செத்த கோழியைத்தானே? அறுத்துப் பார்ப்பார்கள், கிருமியைத் தேடுவார்கள்.

தெரேல் அதோடு நிறுத்தவில்லை. சாகாமல் பிழைத்த கோழிகளையும் பார்த்தார். "ஒரே கூடு, ஒரே தீவனம், ஒரே தண்ணீர். அது செத்துச்சு. இது ஏன் சாகல?"

பிழைத்த கோழிகளின் எச்சத்தை எடுத்துக் கரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். கீழே இறங்கிய தெளிந்த நீரில் ஒரு பாக்டீரியாகூட இல்லை. ஆனால் அந்த நீரைக் கோழி டைஃபாய்டு கிருமி வளர்ந்திருக்கும் கலங்கலான குழாயில் விட்டால், கலங்கல் தெளிந்துவிட்டது. உள்ளே இருந்த கிருமிகள் வெடித்துக் கரைந்து போயின.

அந்த நீரில் இருந்தது ஒரு வைரஸ். மனிதரையோ கோழியையோ தாக்காது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். 1917-லேயே, வயிற்றுக்கடுப்பு வந்த படைவீரர்களிடம் செய்த ஆய்வில் தெரேல் இதைக் கண்டிருந்தார். "பேக்டீரியோஃபேஜ்" என்று பெயர் வைத்தவரும் அவரே. பாக்டீரியாவைத் தின்பது என்று அர்த்தம். சுருக்கமாக ஃபேஜ்.

(அவருக்கு முன்பே 1915-ல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட் இதே போன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார். போர் நடுவில் வந்து அவர் ஆராய்ச்சி நின்றுபோனது.)

*

ஃபேஜ் எப்படி வேலை செய்யுது?

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி, ஒவ்வொரு ஃபேஜுக்கும் குறிப்பிட்ட பாக்டீரியாவின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ள ஒரு இடம் உண்டு. அங்கே ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். அதன் பிறகு அந்த பாக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜ்களை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை ஆகிவிடும். பெரும்பாலும் அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்துக்குள் பாக்டீரியா வெடிக்கும். உள்ளிருந்து நூறு போலப் புதிய ஃபேஜ்கள் வெளியே வந்து அடுத்தடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும்.

பாக்டீரியா இருக்கும் வரைக்கும் ஃபேஜ் பெருகும். பாக்டீரியா தீர்ந்தால் ஃபேஜும் குறைந்துவிடும். உடம்புக்குள் போய் அளவில் கூடும் மருந்து வேறு எதையாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

தெரேல் இந்த நீரைக் கோழிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். முதலில் சோதனைக் கூடத்தில். ஃபேஜ் கொடுத்த கோழிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தியும் அவை தாங்கி நின்றன. கொடுக்காதவை செத்தன. பிறகு நோய் பரவிய பண்ணைகளுக்கே போய்க் கொடுத்தார். சாவு குறைந்தது. நோய் நீடித்த நாட்களும் குறைந்தன.

பிழைத்த கோழியின் எச்சத்தில் இருக்கும் ஃபேஜ் பக்கத்துக் கோழிக்கும் போய்ச் சேருவதைப் பார்த்தவர், நோய் தொற்றுவது போலவே நோயிலிருந்து மீளும் திறனும் தொற்றும் என்று நம்பினார். நோய் எதிர்ப்பாற்றல் முழுவதற்கும் இதுவே காரணம் என்று அவர் நினைத்தது தவறு. ஆனால் கோழி பிழைத்தது நிஜம்.

அதே 1919 கோடையில் பாரிஸின் குழந்தைகள் மருத்துவமனையில், கடும் ரத்தபேதியோடு கிடந்த 12 வயதுச் சிறுவனுக்கு ஃபேஜ் கொடுக்கப்பட்டது. கொடுப்பதற்கு முன் தெரேலும், அந்த மருத்துவமனைப் பேராசிரியர் ஹுட்டினெலும், அங்கிருந்த பயிற்சி மருத்துவர்களும் அதைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் சிறுவனுக்கு. அவன் தேறினான்.

முதலில் கோழி. அப்புறம் குழந்தை. ஒரே வருடத்தில்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1927-ல் தெரேல் காலராவைப் பார்க்க இங்கே வந்தார். நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்ததோடு, கிராமத்துக் கிணறுகளிலும் அதைக் கலந்தார். அதைத் தொடர்ந்து அசாமில் ஆயிரக்கணக்கான மக்களிடம் காலரா ஃபேஜ் சோதிக்கப்பட்டது.

*

அப்படின்னா இவ்வளவு நல்ல மருந்து எங்கே போச்சு?

மூன்று காரணங்கள்.

ஒன்று, கலப்படம் மாதிரியான தயாரிப்பு. 1930-களில் ஃபேஜ் பெரிய வியாபாரம் ஆனது. அவசரத்தில் செய்த பாட்டில்கள். கெடாமல் இருக்கச் சேர்த்த ரசாயனமே உள்ளே இருந்த ஃபேஜைச் செயலிழக்கச் செய்தது. ஒரே ஃபேஜ் பத்து நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம். 1934-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு, பெரும்பாலான நோய்களுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபேஜ் என்பது உயிரியா, வெறும் நொதியா என்றுகூட அன்று உறுதியாகத் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்ணால் பார்க்க 1930-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு, அரசியல். தெரேலின் நண்பர் ஜியார்ஜி எலியாவா ஜார்ஜியாவின் ட்பிலிசி நகரில் 1923-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். தெரேலும் அங்கே போய் வேலை பார்த்தார். 1937-ல் ஸ்டாலின் ஆட்சி எலியாவாவைச் சுட்டுக் கொன்றது. நிறுவனம் பிழைத்தது, இன்றும் ஃபேஜ் வைத்தியம் செய்கிறது. ஆனால் அது சோவியத் மருந்து என்ற பேர் விழுந்ததால் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று, எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். பென்சிலின் வந்துவிட்டது. ஃபேஜ் கொடுக்க எந்தக் கிருமி என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆன்ட்டிபயாடிக்குக்கு அந்தத் தொல்லை கம்மி. ஒரே ஊசி, பல கிருமி காலி. அந்தக் காலத்தில் நான் டாக்டராக இருந்திருந்தால் நானும் பென்சிலினைத்தான் எடுத்திருப்பேன்.

தெரேல் 1949-ல் பாரிஸில் இறந்தார். பலமுறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை.

*

இப்போ கதை மறுபடியும் கோழிக்கு வருது.

1948. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 கொடுக்க மலிவான வழி தேடுகிறார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்ட்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலக்கிறார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை போடுகின்றன. பி12 மட்டும் அதற்குக் காரணம் இல்லை. சக்கையில் ஒட்டியிருந்த ஆன்ட்டிபயாடிக்கும் காரணம்.

நோய் இல்லாத கோழிக்குத் துளித்துளியாக ஆன்ட்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் வளரும். இதைவிட இனிப்பான செய்தி பண்ணைத் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? 1951-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. கால்நடை மருத்துவரின் சீட்டுகூடத் தேவையில்லை. உலகமே பின்னால் போனது.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா?

பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கும்போதே எச்சரித்தார். கிருமியைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்தைத் தாங்கப் பழகிய கிருமியை நாமே வளர்த்துவிடுவோம் என்று. தீவனத்தில் கலந்தது அப்படிப்பட்ட போதாத அளவேதான். ஒரு வேளை, இரு வேளை அல்ல, கோழியின் ஆயுள் முழுக்க.

1951-லேயே, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தீவனம் தின்ற வான்கோழிகளின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பதிவானது. 1957-ல் பிரிட்டனில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் அவரது சகாவும் டெட்ராசைக்ளின் தீவனம் தின்ற பன்றிகளிலும் கோழிகளிலும் அதையே கண்டார்கள்.

"சரி, அது கோழியோட குடல். நமக்கென்ன?"

1976-ல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் இதற்குப் பதில் சொன்னார். ஒரு சிறு பண்ணையில் குஞ்சுகளில் பாதிக்கு மருந்து கலந்த தீவனம், பாதிக்குச் சாதா தீவனம். ஒரு வாரத்துக்குள் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுதாக "ஆர்" ஆனது. ஐந்தாறு மாதத்தில், அந்த மருந்தை ஒரு மாத்திரைகூட விழுங்காத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அது பெருகியிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அப்படி இல்லை.

கூண்டுக்குள் வளர்ந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது.

2015-ல் உச்சகட்டம். மேலே சொன்னேனே, கொலிஸ்டின், எங்கள் கடைசி வரி மருந்து. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும், கோழி இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் கண்டார்கள். பயமுறுத்தியது அது இருந்த இடம். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றக்கூடிய பிளாஸ்மிட் என்ற மரபணு வளையத்தில் அது உட்கார்ந்திருந்தது. வருடக்கணக்காகக் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் கொட்டியிருந்தோம்.

2017-ல் சீனா தீவனத்தில் அதை நிறுத்தியது. அதன் பிறகு அங்கே கால்நடைகளிலும் மனிதரிடமும் அந்த எதிர்ப்பு குறைந்தது. 2019 ஜூலையில் இந்தியாவும் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. நிறுத்தினால் பலன் இருக்கு என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

*

அந்த வில்லியம்ஸ் ஸ்மித் ஞாபகம் இருக்கா? 1957-ல் எச்சரித்தவர்.

கால் நூற்றாண்டு கழித்து, 1982-ல், இங்கிலாந்தின் ஹௌட்டன் கோழி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அவரே ஃபேஜை மறுபடி கையில் எடுத்தார். ஈ.கோலை கிருமி செலுத்திய எலிகளில், ஒரே ஒரு டோஸ் ஃபேஜ் பல டோஸ் ஆன்ட்டிபயாடிக்கைவிட நன்றாக வேலை செய்தது. அடுத்து கன்றுகளிலும் பன்றிக்குட்டிகளிலும் ஆட்டுக்குட்டிகளிலும் சோதித்தார். பிரச்சினையைப் பார்த்த அதே கண்தான் மாற்றையும் தேடியது.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், கறிக்கோழிகளுக்கு ஈ.கோலையால் வரும் மூச்சுக்குழாய் நோய்க்கு ஃபேஜைப் புகைமூட்டம் போலத் தெளித்தார்கள். உடனே தெளித்தால் காப்பாற்றியது. நாள் தள்ளித் தெளித்தால் பலன் குறைந்தது. குடிதண்ணீரில் கலந்தபோது பலனே இல்லை.

அதே குழு 2004-ல் ஃபேஜையும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்ட்டிபயாடிக்கையும் ஒப்பிட்டது. இரண்டுமே சாவைக் குறைத்தன. தனியாகப் பார்த்தால் ஆன்ட்டிபயாடிக்தான் கொஞ்சம் மேல். இரண்டும் சேர்த்துக் கொடுத்த கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. (மறு வருடமே அமெரிக்கா அந்த மருந்தைக் கோழிகளுக்குத் தடை செய்தது. காரணம் அதே "ஆர்" கதைதான்.)

2005-ல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் கேம்பைலோபேக்டர் கிருமியைப் பார்த்தது. கோழியை இது பெரிதாகப் படுத்தாது, அதைச் சரியாக வேகாமல் தின்னும் மனிதரைப் படுத்தும். ஃபேஜ் கொடுத்ததும் கோழிக் குடலில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

"பாக்டீரியா ஃபேஜுக்கும் பழகிடாதா டாக்டர்?"

நல்ல கேள்வி. பழகும். ஆனால் அந்த நாட்டிங்ஹாம் ஆய்வில் தப்பிப் பிழைத்த கிருமிகள் சொற்பம். தப்பியவையும் கோழிக் குடலில் முன்பு போலக் குடியேற முடியாமல் தடுமாறின. ஃபேஜ் பிடிக்கும் கைப்பிடியைக் கழற்றி எறிந்தால், அந்தக் கைப்பிடியால் தனக்கு நடந்த வேலையும் போய்விடும் அல்லவா? அதோடு ஃபேஜும் உயிர்ப்பொருள். பாக்டீரியா மாறினால் அதை விரட்டும் புது ஃபேஜைச் சாக்கடையிலேயே தேடி எடுக்கலாம்.

2006-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், லிஸ்டீரியா கிருமியைக் கொல்ல ஆறு ஃபேஜ்கள் கலந்த ஒரு திரவத்தை, சமைக்காமல் அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி, கோழி வகைகள் மேல் தெளிக்க அனுமதித்தது.

*

உடனே "இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லாதது" என்று யாராவது பாட்டிலில் விற்க வந்தால் ஏமாந்துடாதீங்க.

எல்லா ஃபேஜும் நல்லவை அல்ல. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் மரபணுவுக்குள் ஒளிந்துகொள்ளும். சாதுவான கிருமியை விஷக்கிருமி ஆக்கும் மரபணுவையும் அவை கொண்டு வரலாம். காலராவின் நச்சும், தொண்டை அடைப்பான் நச்சும் ஃபேஜ் கொண்டு வந்து சேர்த்த சரக்குதான். அதனால் கொல்லும் வகையை மட்டும் மரபணு பார்த்துப் பொறுக்கி எடுக்கணும். எந்தக் கிருமி என்று தெரியணும், வயிற்று அமிலத்தில் சாகாமல் போய்ச் சேரணும், நேரத்துக்குக் கொடுக்கணும்.

1930-களில் இதையெல்லாம் பார்க்காமல் விற்றதால்தான் ஒருமுறை இந்த வைத்தியத்தைத் தொலைத்தோம்.

இன்னொன்றையும் யோசிச்சுப் பாருங்க. ஆன்ட்டிபயாடிக் கெட்ட மருந்து இல்லை. அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. நாம் அதைப் பயன்படுத்திய விதம்தான் கெட்டது. சுத்தமான கூட்டுக்குப் பதிலாக, இடவசதிக்குப் பதிலாக, தடுப்பூசிக்குப் பதிலாக அதைத் தீவனத்தில் போட்டோம். நாளைக்கு ஃபேஜையும் அதே மாதிரி மூட்டை மூட்டையாகக் கொட்டினால், என் இடத்தில் உட்காரப் போகிற அடுத்த தலைமுறை டாக்டர் வேறொரு பட்டியலில் அதே "ஆர்" எழுத்தைப் பார்ப்பார்.

பண்ணைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வைரஸ் சளிக்கும் ஆன்ட்டிபயாடிக் எழுதிக் கொடுத்த டாக்டர்களும், மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களும், சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கியவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. நானும் உண்டு.

இதைப் படிச்சுட்டு கோழியையும் முட்டையையும் நிறுத்திடாதீங்க. நல்ல புரதம், மலிவான புரதம். செய்ய வேண்டியது இதுதான்:

கோழியை உள்ளே வரை நன்றாக வேகவிடுங்க. கழுவும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் காய்கறி, பாத்திரம் மேல் தெறிக்காமல் பார்த்துக்கோங்க. பச்சை இறைச்சி தொட்ட கையையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவுங்க.

ஆன்ட்டிபயாடிக்கை டாக்டர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்க. டாக்டர் வேண்டாம் என்றால் "ஏன் எழுதல?" என்று சண்டை போடாதீங்க.

நாமக்கல்லிலோ பல்லடத்திலோ கோழி வளர்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால், நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்க. நோயில்லாத கோழிக்குத் தீவனத்தில் ஆன்ட்டிபயாடிக் வேண்டாம்.

நூறு வருடத்துக்கு முன் ஒரு மனிதர் செத்த கோழிகளுக்கு நடுவே நின்று, பிழைத்த கோழியைப் பார்த்து "நீ ஏன் சாகல?" என்று கேட்டார். மருத்துவம் அந்தக் கேள்வியை நடுவில் முப்பது நாற்பது வருடம் மறந்து போனது. அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் ஞாபகம் வருது.

 கேள்வி இருந்தா கீழே கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்றேன்.